தலைசிறந்த வீரரை இழந்த அணி



பலர் கூடிச் செய்யும் எந்தக் கருமத்திலும் ஒருவர் ஏனையோரிலும் மேம்பட்டு விளங்குவதுண்டு. அவர் இருக்கும்வரை அவரால் விளையும் நன்மையை யாவரும் காண்பர். அவர் ஒருவரையே நம்பி மற்றவர்கள் தம் வலிமையை மறந்திருப்பதனால் விளையும் கேட்டைக் காண்பவர் சிலரே. அவர் ஒருநாள் இல்லாமற் போகும்போதுதான் அக்கேடு வெளிப்படும். அவ்வேளையில் அந்தக் கூட்டம் என்ன செய்கின்றது என்பதைக் கொண்டே அதன் உண்மையான தகுதியை அளக்க முடியும். விளையாட்டுத் திடல் இவ்வுண்மையை மிகத் தெளிவாய்க் காட்டும் இடங்களுள் ஒன்று. அங்கே காலம் குறுகியது, பலன் உடனே தெரியும், சாக்குப்போக்குகளுக்கு இடமில்லை.

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியைச் சேர்ந்த நியூ இங்கிலண்ட் பேற்றியற்ஸ் என்னும் அணி 2016ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தன் தலைசிறந்த வீரருள் ஒருவரை இழந்தது. அந்த இழப்பை அது எவ்வாறு ஈடுசெய்தது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் வேண்டும். பந்தை உதைத்து ஆடுவதையே 'புட்போல்' என்று இந்நாட்டவர் கூறுவர். அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறோர் ஆட்டம். அது றகர் ஆட்டத்தின் வழித்தோன்றல். கண்டியிலோ கொழும்பிலோ றகர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் நீள்வட்டப் பந்தும், பந்தைக் கையிலேந்தி ஓடுவதும், ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதும் புதியன அல்ல. எனினும் முக்கியமான வேறுபாடுகள் சில உண்டு. றகர் ஆட்டத்தில் பந்தை முன்னோக்கி எறிதல் தவறு. அமெரிக்க ஆட்டத்திலோ 1906ஆம் ஆண்டிலிருந்து முன்னோக்கி எறிதல் விதியால் அனுமதிக்கப்பட்டுள்ளது. அந்த ஒரு மாற்றமே அவ்வாட்டத்தின் போக்கையெல்லாம் மாற்றிவிட்டது.

ஒவ்வோர் அணியிலும் 11 பேர் திடலில் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள் உண்டு. அந்த நான்கினுள் 10 யார் தூரமாவது முன்னேறிவிட்டால் மீண்டும் 4 முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் இறுதி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளிகள். அதன்மேல், பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்து ஒரு புள்ளி பெறலாம். அல்லது மீண்டும் ஒரு முறை எல்லையைக் கடக்க முயன்று 2 புள்ளிகள் பெறலாம். எல்லையைக் கடக்க இயலாத வேளையில் தூரத்திலிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் 3 புள்ளிகள்.

தாக்கும் அணியின் நடுவில் நின்று, பந்தைப் பெற்று, அதை எறிவதா ஓடுபவர் கையில் கொடுப்பதா என்று முடிவு செய்பவர் 'குவாட்டர்பாக்'. அவரைப் பந்தெறி தலைவர் எனலாம். அவருக்கு முன்னே மதில்போல நிற்கும் ஐவர் பருத்த உடலினர். எதிரிகளைத் தடுத்து நிறுத்துவதே அவர்கள் வேலை. எறியப்படும் பந்தை ஏற்கும் உரிமை வழமையில் அவர்களுக்கு இல்லை. இரு புறங்களிலும் அகன்று நின்று, விரைந்தோடிப் பந்தை ஏற்பவர்கள் மெலிந்த தேகத்தினர். மதிலாய் நின்று தடுப்பது அவர்களுக்கு இயல்பான தொழிலன்று.

இவ்விரு வகையினருக்கும் இடையே ஒருவர் உண்டு. மதிலின் ஓரத்தில், அதனோடு நெருங்கி நிற்பார். அவரை 'ரைற் எண்ட்' என்பர். வரிமுனையாளர் என்று தமிழிற் கூறலாம். அவருக்குத் தொழில் இரண்டு. சில வேளை மதிலோடு மதிலாய் நின்று எதிரியைத் தடுப்பார். சில வேளை மதிலிலிருந்து விலகி ஓடிப் பந்தை ஏற்பார். எதை எப்போது செய்வார் என்பது எதிரணிக்குத் தெரியாது.

இங்கேதான் எதிரணிக்குச் சங்கடம் தோன்றுகின்றது. அவரைச் சமாளிக்கப் பருத்த காவலர்களை நிறுத்தினால் அவர் அவர்களை விட்டு ஓடிவிடுவார். விரைந்து ஓடக்கூடிய சிறிய காவலர்களை நிறுத்தினால் அவர் அவர்களைத் தள்ளி வீழ்த்தி, ஓட்டவீரருக்கு வழிசெய்து கொடுப்பார். எதைச் செய்தாலும் எதிரணிக்கு நட்டமே. சிறந்த வரிமுனையாளர் ஒருவர் திடலில் நிற்பதே எதிரணியிடம் ஒரு வினாவை எழுப்புகின்றது. அவ்வினாவுக்குச் சரியான விடை எளிதில் அமைவதில்லை.

பேற்றியற்ஸ் அணிக்கு அத்தகைய வரிமுனையாளராய் வாய்த்தவர் றொப் குறொங்கௌஸ்கி. உயரம் 6 அடி 6 அங்குலம்; நிறை ஏறத்தாழ 265 இறாத்தல். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். முதுகிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சை காரணமாக 2009ஆம் ஆண்டின் ஆட்டங்கள் முழுவதையும் அவர் இழந்தார். அதனால் பல அணிகள் அவரைத் தெரிவு செய்யத் தயங்கின. 2010ஆம் ஆண்டுத் தெரிவில் 42ஆவது ஆளாக அவரைப் பேற்றியற்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 2011இல், அவர் 90 முறை பந்தை ஏற்று 1,327 யார் தூரம் அணியை முன்னேற்றினார். ஏற்ற பந்துகளால் மாத்திரம் 17 முறை எல்லையைக் கடந்தார். அதற்கு முன் எந்த வரிமுனையாளரும் ஓராண்டில் அத்தனை முறை எல்லை கடந்ததில்லை.

ஆனால் அவர் ஆடிய விதம் அவர் உடலை விடவில்லை. இருவர் மூவரைச் சுமந்துகொண்டு ஓடுபவரின் எலும்பும் மூட்டும் எத்தனை நாள் தாங்கும்? 2012 பெப்ரவரியில் நடைபெற்ற சுப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டத்தில் கணுக்கால் சுளுக்கோடு அவர் ஆடினார். 2 பந்துகளையே ஏற்க முடிந்தது. அணி நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணியிடம் 21க்கு 17 என்ற கணக்கில் தோற்றது. அவ்வாண்டின் பிற்பகுதியில் கை முறிந்தது. ஆறி வந்தபின் மீண்டும் முறிந்தது. 2013இல் முதுகில் மற்றொரு சத்திரசிகிச்சை. அதிலிருந்து தேறி வந்தவருக்கு அதே ஆண்டு டிசெம்பர் 8ஆந் திகதி முழங்காற் பந்தகம் அறுந்தது.

2013ஆம் ஆண்டின் அனுபவத்தைச் சற்றே நின்று நோக்குதல் நன்று. முன்னர் அவருக்கு இணையாய் ஆடிய மற்றொரு வரிமுனையாளரும் அவ்வாண்டின் கோடைகாலத்திலேயே அணியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். ஆகவே குறொங்கௌஸ்கி வீழ்ந்தபோது அவரிடத்தில் நிறுத்தத் தக்கவர் எவருமிலர். அணி ஓட்டவீரர்களை நம்பியது. அடுத்த சுற்றில் இண்டியானாபொலிஸ் அணிக்கெதிராய் லெகரற் பிளவுண்ட் என்பவர் 166 யார் தூரம் ஓடி, 4 முறை எல்லையைக் கடந்து வெற்றி தேடித் தந்தார். ஆனால் அதற்கடுத்த ஆட்டத்தில், 2014 ஜனவரியில், டென்வர் அணி 26க்கு 16 என்ற கணக்கில் பேற்றியற்ஸை வென்றது. ஒரு வழியை மட்டும் கொண்ட அணியை ஒரு நாள் வெல்லலாம், மறுநாளும் வெல்லலாம் என்று எதிரிகள் கண்டுகொண்டனர்.

இந்த அனுபவத்தின் பின்னணியிலேதான் 2016ஆம் ஆண்டை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், எவருக்கும் காயம் ஏற்படுமுன்பே, அணியின் பயிற்றுநர் பில் பெலிச்சிக் சிக்காகோ அணியிலிருந்து மார்ட்டெலஸ் பெனற் என்ற வரிமுனையாளரைப் பெற்றுக்கொண்டார். பெனற்றும் 6 அடி 6 அங்குல உயரமுடையவர், தடுப்பதிலும் வல்லவர், பந்தை ஏற்பதிலும் வல்லவர். குறொங்கௌஸ்கியும் அவரும் ஒருங்கே ஆடவேண்டும் என்பதே எண்ணம். ஆனால் துணையாக வந்தவரே தேவை ஏற்படின் தனித்து நிற்கவும் வல்லவராயிருந்தார். மழை வருமுன்பே கூரை வேய்வது என்று ஊரிலே சொல்வதன் பொருள் இதுவே.

அவ்வாண்டின் தொடக்கமும் அணிக்கு ஒரு சோதனையாகவே அமைந்தது. பந்தெறி தலைவர் ரொம் பிறேடி, ஒழுங்கு நடவடிக்கை ஒன்றின் காரணமாக, முதல் 4 ஆட்டங்களில் ஆடுவதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்தார். அவரிடத்தில் நின்ற இளைஞர் இரண்டாவது ஆட்டத்திலேயே காயமுற்றார். மூன்றாமவர் ஒருவர் முன்வரவேண்டியதாயிற்று. அந்நிலையிலும் அணி 4 ஆட்டங்களுள் 3இல் வென்றது. ஆள் மாறினாலும் ஆட்டம் தொடரவேண்டும் என்ற பழக்கம் அப்போதே அவர்களிடம் ஊறிவிட்டது.

பிறேடி திரும்பியபின் அணி மேலும் வலுப்பெற்றது. குறொங்கௌஸ்கி அவ்வாண்டு 8 ஆட்டங்களில் ஆடி, 25 பந்துகளை ஏற்று, 540 யார் தூரம் ஈட்டினார். ஒரு பந்துக்குச் சராசரி 21 யாருக்கும் மேல். பெரும் பாய்ச்சல்களுக்கு அணி அவரையே நம்பியிருந்தது என்பதை இக்கணக்கே காட்டும். நவம்பர் 27ஆந் திகதி நியூயோர்க் ஜெற்ஸ் அணிக்கெதிரான ஆட்டத்தில் அவர் முதுகு மீண்டும் பாதிக்கப்பட்டது. டிசெம்பர் 2ஆந் திகதி சத்திரசிகிச்சை நடைபெற்றது. முதுகிற் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளுள் அது மூன்றாவது. அவ்வாண்டில் அவர் இனித் திடலுக்கு வரமாட்டார் என்பது உறுதியாயிற்று. அப்போது அவருக்கு வயது 27.

இனி, அணி என்ன செய்தது?

பொதுவாக இத்தகைய வேளையில் எழும் முதல் எண்ணம், 'அவரைப் போன்ற இன்னொருவரைத் தேடுவோம்' என்பது. இதனால் வரும் இடர் யாதெனில், அவரைப் போன்ற இன்னொருவர் உலகில் இருப்பதில்லை. இருப்பவரிடம் அவர் வேலை முழுவதையும் சுமத்தினால், புதியவர் தம் இயல்பான திறமையையும் இழந்துவிடுவார். பேற்றியற்ஸ் அணியின் தாக்குதலை வகுத்த ஜோஷ் மக்டானியல்ஸ் இவ்வழியிற் செல்லவில்லை. வீழ்ந்தவர் செய்துவந்த தொழில்கள் எவை எவை என்று முதலிற் பிரித்தனர். பின்னர் ஒவ்வொரு தொழிலையும் அதற்குத் தக்கவரிடம் ஒப்படைத்தனர்.

தடுக்கும் தொழிலின் பெரும்பகுதி பெனற்றிடம் சென்றது. வேண்டிய வேளையில் மதில்வீரர் ஒருவரை மேலதிகமாக வரிசையின் ஓரத்தில் நிறுத்தினர். ஓட்டவீரருக்கு முன்னே ஓடி வழிசெய்யும் ஜேம்ஸ் டெவ்லின் என்பவருக்கும் வேலை கூடியது. இவர்கள் திறந்த வழியில் பிளவுண்ட் ஓடினார். அவ்வாண்டு முழுவதிலும் அவர் 1,161 யார் தூரம் ஓடி, 18 முறை எல்லையைக் கடந்தார்.

தூரத்துப் பந்துகளை ஏற்கும் தொழில் கிறிஸ் ஹோகனிடம் சென்றது. இவர் பல்கலைக்கழகத்தில் லக்குறோஸ் என்னும் வேறோர் ஆட்டத்தை ஆடியவர். ஓராண்டு மாத்திரமே இவ்வாட்டத்தைக் கல்லூரியில் ஆடினார். டிசெம்பர் 12ஆந் திகதி போல்ற்றிமோர் அணிக்கெதிராய் பிறேடி எறிந்த பந்தொன்றை ஏற்று அவர் 79 யார் தூரம் ஓடி எல்லையைக் கடந்தார். அன்று அணி 30க்கு 23 என வென்றது.

குறுகிய தூரத்தில், நெருக்கடியான வேளையில் நம்பிக்கையோடு பந்தை ஏற்கும் தொழில் ஜூலியன் எடெல்மனுக்கும் டானி அமெண்டோலாவுக்கும் உரியதாயிற்று. எடெல்மன் கல்லூரியில் பந்தெறி தலைவராய் இருந்தவர். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தபின்பே பந்தை ஏற்கக் கற்றவர். அவ்வாண்டு 98 பந்துகளை ஏற்று 1,106 யார் தூரம் ஈட்டினார். அமெண்டோலாவோ ஆண்டுத் தெரிவில் எந்த அணியாலும் தெரிவு செய்யப்படாதவர்.

இனி மிக முக்கியமான தொழிலுக்கு வருவோம். எதிரணியைச் சங்கடத்தில் ஆழ்த்தும் அந்த வினாவை இனி யார் எழுப்புவது? இதற்கு அவர்கள் கண்ட விடை ஜேம்ஸ் வைற். இவர் ஓட்டவீரர். உருவிற் சிறியவர். குறொங்கௌஸ்கிக்கும் இவருக்கும் தோற்றத்தில் ஒப்புமை எதுவுமில்லை. எனினும் பந்தெறி தலைவரின் பக்கத்திலிருந்து புறப்பட்டு, எதிரணியின் இடைக்காவலர்களுக்கு நடுவே புகுந்து பந்தை ஏற்பதில் இவர் வல்லவர். பருத்த இடைக்காவலர் இவரைப் பின்தொடர்ந்தால் இவர் விரைவுக்கு ஈடுகொடுக்க முடியாது. விரைவுடைய சிறிய காவலரை இவருக்கென நிறுத்தினால் எடெல்மன் அல்லது ஹோகனுக்கு வழி திறக்கும். முன்பு ஒரு பெரிய மனிதர் எழுப்பிய அதே வினாவை இப்போது ஒரு சிறிய மனிதர் வேறு திசையிலிருந்து எழுப்பினார்.

இத்தகைய மாற்றத்தை ஆட்டக்காலத்தின் நடுவிலேயே, சில நாட்களுள், எவ்வாறு செய்ய முடிந்தது? இதற்கு அடிப்படை அந்த அணியின் ஆட்டமொழியில் உள்ளது. 1970களில் இதே அணியில் பணிபுரிந்த றொன் ஏர்ஹாட், றே பேர்க்கின்ஸ் ஆகிய இரு பயிற்றுநர்களின் பெயரால் அம்முறை வழங்குகின்றது. வேறு பல முறைகளில் ஒவ்வொரு வீரரும் ஓடவேண்டிய பாதை எண்களால் தனித்தனியே சொல்லப்படும். ஒருவர் தம் இடத்துக்குரிய பாதைகளையே கற்பார். ஏர்ஹாட் - பேர்க்கின்ஸ் முறையிலோ பலர் சேர்ந்து ஓடும் ஒரு முழு அமைப்புக்கு ஒரே பெயர். அவ்வமைப்பில் வெளியே நிற்பவர் எங்கே ஓடுவார், உள்ளே நிற்பவர் எங்கே ஓடுவார் என்பது இடத்தைப் பொறுத்தது, ஆளைப் பொறுத்ததன்று. ஆதலின் ஒவ்வொருவரும் முழு அமைப்பையும் அறிந்திருத்தல் வேண்டும். இது கற்பதற்குக் கடினமானது. புதிதாய் வந்த பலர் இதனைக் கற்கமாட்டாது திணறியதுண்டு. ஆனால் கற்றபின், ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கும்போது புதிய மொழி எதுவும் தேவைப்படுவதில்லை.

தன் பங்கை மட்டும் மனனம் செய்த நடிகனுக்கும் நாடகம் முழுவதையும் அறிந்த நடிகனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அரங்கிலே ஒருவர் வராவிட்டால், முழு நாடகத்தையும் அறிந்த குழுவே திரையை உயர்த்த வல்லது.

இதன் பலனைக் கணக்கிலே காணலாம். குறொங்கௌஸ்கி வெளியேறிய அந்த ஜெற்ஸ் ஆட்டத்தையே அணி 22க்கு 17 என வென்றது. அதன்பின் எஞ்சிய 5 ஆட்டங்களிலும் வென்றது. 16 ஆட்டங்களில் 14 வெற்றிகளோடு ஆண்டு முடிந்தது. வெளியேற்றச் சுற்றில் ஹியூஸ்ற்றன் அணியை 34க்கு 16 என வென்றபோது டியன் லூயிஸ் என்ற ஓட்டவீரர் ஒரு முறை ஓடியும், ஒரு முறை எறிபந்தை ஏற்றும், ஒரு முறை எதிரணி உதைத்த பந்தை எடுத்து வந்தும் எல்லையைக் கடந்தார். பிற்ஸ்பேர்க் அணியை 36க்கு 17 என வென்றபோது ஹோகன் 9 பந்துகளை ஏற்று 180 யார் தூரம் ஈட்டினார். ஒவ்வோர் ஆட்டத்திலும் வேறொருவர் முன்னே வந்தார். யாரைத் தடுப்பது என்று எதிரணி முன்கூட்டியே தீர்மானிக்க இயலவில்லை.

2017 பெப்ரவரி 5ஆந் திகதி ஹியூஸ்ற்றன் நகரில் இறுதி ஆட்டம் நடைபெற்றது. எதிரணி அற்லாண்டா பால்கன்ஸ். மூன்றாங் காற்பகுதியில் 8 நிமிடம் 31 விநாடி எஞ்சியிருந்தபோது அற்லாண்டா 28 புள்ளிகளும் பேற்றியற்ஸ் 3 புள்ளிகளும் பெற்றிருந்தன. பிறேடி எறிந்த பந்தொன்றை எதிரணியினர் இடைமறித்து 82 யார் தூரம் ஓடி எல்லை கடந்ததும் அக்கணக்கில் அடங்கும். அதற்கு முன் எந்தச் சுப்பர் பௌல் ஆட்டத்திலும் 10 புள்ளிகளுக்கு மேற்பட்ட பின்னடைவிலிருந்து மீண்டு வென்ற அணி இல்லை. 'குறொங்கௌஸ்கி இருந்திருந்தால்' என்று அவ்வேளையிற் பார்த்திருந்தவர்கள் எண்ணியிருத்தல் இயல்பே.

ஆனால் திடலில் நின்றவர்கள் அந்த எண்ணத்துக்கு இடங்கொடுக்கவில்லை. பெருந்தூரப் பந்து ஒன்றினால் எல்லாவற்றையும் ஒரே பாய்ச்சலில் மீட்டுவிட அவர்கள் முயலவில்லை. 5 யார், 8 யார், 12 யார் என்று சிறுகச் சிறுக முன்னேறினர். வைற் ஒரு பந்தை ஏற்று எல்லையைக் கடந்தார். பின்னர் 3 புள்ளிகள். பின்னர் டொண்டா ஹைட்டவர் என்ற காவல்வீரர் அற்லாண்டாவின் பந்தெறி தலைவரிடமிருந்து பந்தைத் தட்டி விழச் செய்தார். அமெண்டோலா எல்லையைக் கடந்தார். வைற் 2 புள்ளிகளைச் சேர்த்தார். இறுதியில் தம் எல்லையிலிருந்து 9 யார் தூரத்தில் பந்தைப் பெற்று, 91 யார் தூரத்தையும் கடந்து சென்றனர். அவ்வழியிலே எடெல்மன் மூன்று காவலர்களின் கைகளுக்கும் கால்களுக்கும் இடையே, நிலத்தைத் தொடுமுன் பந்தைப் பற்றியது பலராலும் இன்றும் பேசப்படுகின்றது. 57 விநாடிகள் எஞ்சியிருக்க வைற் எல்லையைக் கடந்தார். அமெண்டோலா 2 புள்ளிகளைச் சேர்த்தார். கணக்கு 28க்கு 28.

சுப்பர் பௌல் வரலாற்றில் முதல் முறையாக மேலதிக நேரம் வழங்கப்பட்டது. பேற்றியற்ஸ் பந்தைப் பெற்று முன்னேறியது. எல்லைக்கு அண்மையில் பிறேடி பெனற்றை நோக்கிப் பந்தை எறிந்தார். அதனை அவர் ஏற்கவிடாது எதிரணியினர் விதிக்கு மாறாகத் தடுத்தமையால் பந்து எல்லையிலிருந்து 2 யார் தூரத்தில் வைக்கப்பட்டது. அடுத்து வந்த இரண்டாம் முயற்சியில் வைற் ஓடிச் சென்று எல்லையைக் கடந்தார். கணக்கு 34க்கு 28. ஆட்டம் முடிந்தது.

அன்று பிறேடி எறிந்து ஏற்கப்பட்ட பந்துகள் 43. அவற்றை ஏற்றவர்கள் எழுவர். வைற் 14, அமெண்டோலா 8, மல்கம் மிச்செல் என்ற புதியவர் 6, எடெல்மன் 5, பெனற் 5, ஹோகன் 4, லூயிஸ் 1. இக்கணக்கை நேயர்கள் சற்றே மனத்திற் கொள்வார்களாக. ஒருவர் தோளிலிருந்த பாரம் எழுவர் தோளிற் பகிரப்பட்டிருந்தது. மற்றுமொன்று: பேற்றியற்ஸ் அணி அன்று 93 முயற்சிகள் ஆடியது, அற்லாண்டா ஆடியதோ 46. ஓயாது சிறு சிறு முன்னேற்றங்களைத் தடுத்துத் தடுத்து அற்லாண்டாவின் காவல்வீரர்கள் களைத்துப் போயினர். பெரும் பாய்ச்சலுக்கு ஆளில்லாத குறையே, பொறுமையான ஆட்டமாக மாறி, இறுதியில் அவர்களுக்கு நன்மையாயிற்று. ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான விருது பிறேடிக்கு வழங்கப்பட்டது. அவரோ அது வைற்றுக்கே உரியதென்று கூறினார்.

இவற்றைக் கேட்டபின், 'அப்படியாயின் பெரிய வீரர் தேவையே இல்லையா?' என்று ஒருவர் வினவலாம். அவ்வாறு முடிவு செய்தல் பிழையாகும். 2018 பெப்ரவரியில் நடைபெற்ற இறுதி ஆட்டத்தில் குறொங்கௌஸ்கி நலத்தோடு ஆடி, 9 பந்துகளை ஏற்று 116 யார் தூரம் ஈட்டி, 2 முறை எல்லையைக் கடந்தார்; எனினும் அணி பிலடெல்பியாவிடம் தோற்றது. 2019 பெப்ரவரியில், லொஸ் ஏஞ்சலிஸ் றாம்ஸ் அணிக்கெதிராக, அவர் ஏற்ற 29 யார் தூரப் பந்தே அணியின் ஒரேயொரு எல்லைகடப்புக்கு வழிசெய்தது. அணி 13க்கு 3 என வென்றது. அந்த மார்ச் மாதத்தில் அவர் ஓய்வு பெற்றார்.

அதன்பின் நிகழ்ந்தது கவனிக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டில் பேற்றியற்ஸ் அணியிடம் அதே பயிற்றுநர் இருந்தார். அதே பந்தெறி தலைவர் இருந்தார். எடெல்மனும் வைற்றும் இருந்தனர். ஆனால் 2016இல் இருந்ததுபோலப் பெனற்றை ஒத்த ஒருவர் இல்லை. டெவ்லினும் ஆண்டின் தொடக்கத்திலேயே காயத்தால் வெளியேறினார். பகிர்ந்து கொடுக்கத் தொழில்கள் இருந்தன. ஏற்கும் தோள்கள் குறைந்திருந்தன. முதல் 8 ஆட்டங்களிலும் வென்ற அணி பின்னர் தளர்ந்து, 2020 ஜனவரியில் தன் சொந்தத் திடலிலேயே ரெனசி அணியிடம் 20க்கு 13 எனத் தோற்றது. சில வாரங்களுள் பிறேடியும் அணியை விட்டு நீங்கினார். குறொங்கௌஸ்கி ஓய்விலிருந்து மீண்டு, அவரோடு ரம்பா பே அணியிற் சேர்ந்தார். 2021 பெப்ரவரியில் அவ்வணி இறுதி ஆட்டத்தை வென்றபோது குறொங்கௌஸ்கி 2 முறை எல்லையைக் கடந்தார். 2022 ஜூன் மாதத்தில் மீண்டும் ஓய்வு பெற்றார்.

ஆகவே 2013, 2016, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஓர் உண்மை புலப்படும். மூன்று முறையும் இழக்கப்பட்டவர் ஒருவரே. மூன்று முறையும் எஞ்சியிருந்தவர்கள் ஊக்கங் குன்றாதவர்களே. வேறுபட்டது ஆயத்தம். இழப்பு நேருமுன்பே செய்யப்பட்ட ஆயத்தம் 2016இல் இருந்தது. மற்றைய இரு முறையும் அது போதியதாய் இருக்கவில்லை. நெருக்கடி வந்தபின் காட்டும் வீரம் போற்றத்தக்கதே. ஆனால் அவ்வீரம் பயன்தருவதற்கு வேண்டிய கருவிகளை அமைதியான நாட்களிலேயே சேர்த்துவைத்தல் வேண்டும்.

இதிலே இன்னொரு பக்கமும் உண்டு. 2016இல் பெனற்றும் கணுக்காற் காயத்தோடு தான் ஆடினார். தலைவீரர் படுத்தபின் அவர் இடத்தில் நிற்பவர் தம் நோவை வெளிக்காட்ட நேரமிருப்பதில்லை. அவ்வாண்டு 55 பந்துகளை ஏற்ற பெனற், இறுதி ஆட்டத்தில் எல்லைக்கு அண்மையில் தடுக்கப்பட்டதன் மூலமே வெற்றிக்கு வழி திறந்தார். புகழ் பிறேடிக்கும் வைற்றுக்கும் எடெல்மனுக்கும் சென்றது. வரிசையின் ஓரத்தில் நின்று தடுத்துக்கொடுத்தவரின் பெயரை நினைப்பவர் சிலரே. மாற்றாளாக வருபவரின் ஊதியம் பெரும்பாலும் இத்தகையதே.

ஒரு பண்டசாலையிலோ, ஒரு பாடசாலையிலோ, ஒரு சங்கத்திலோ, ஒரு குடும்பத்திலோ தலைநின்று பாரம் சுமப்பவர் ஒருவர் இருப்பார். அவர் செய்யும் தொழில்கள் எவை எவை என்று ஏனையோர் அறிந்திருக்கின்றனரா? அவற்றுள் ஒன்றையேனும் மற்றொருவர் செய்து பழகியிருக்கின்றனரா? அவருக்கு ஓய்வு கொடுக்கத் தக்க துணை ஒன்று பக்கத்தில் உண்டா? இவ்வினாக்களை அவர் நலத்தோடு இருக்கும் நாளிலே கேட்டுக்கொள்வது அவரை மதிக்காத செயலாகாது. மாறாக, அவருடைய பாரத்தைக் குறைப்பதற்கும், அவருடைய உடலும் உள்ளமும் நெடுநாள் நிலைப்பதற்கும் அதுவே வழி. மூன்று முறை முதுகில் கத்தி வைக்கப்பட்ட அந்த இளைஞரின் வரலாறும் இதனையே சொல்கின்றது.